கடலை அளந்த தச்சர்

1707-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 22-ந் தேதி. இரவு நேரம்.

இங்கிலாந்து நாட்டுப் போர்க் கப்பல்கள் ஊருக்குத் திரும்பி வந்துகொண்டு இருந்தன. மாலுமிகளுக்கு வீட்டு நினைவு. இன்னும் கொஞ்ச தூரம்தான், கரை வந்துவிடும் என்று எல்லோரும் எண்ணினார்கள்.

கரை வரவில்லை. பாறை வந்தது!

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் சில்லித் தீவுகள் என்று சிறு தீவுகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிலும் கூர்மையான பாறைகள். அந்தப் பாறைகளில் மோதி 4 கப்பல்கள் உடைந்தன. கடற்படைத் தளபதி ஷவலும் செத்தார். மொத்தம் 1,400 பேர் முதல் 2,000 பேர் வரை பலியானதாகச் சொல்லப்படுகிறது.

எதிரி சுடவில்லை. கப்பல் பழையதும் அல்ல. பிறகு ஏன் இந்த விபத்து?

தாங்கள் கடலில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை!

இந்தக் குறையைப் போக்கியவர் ஒரு தச்சர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். அவர் பெயர், ஜான் ஹாரிசன். வேலை முடிய அவருக்கு 30 ஆண்டு ஆயிற்று. செய்த வேலைக்கு முழுக் கூலி வாங்க இன்னும் 14 ஆண்டு ஆயிற்று.

நடுக்கடலில் வழி எது?

கரையில் ஊர் உண்டு. மைல் கல் உண்டு. வழி கேட்க ஆள் உண்டு. நடுக்கடலில் என்ன இருக்கிறது? சுற்றிலும் தண்ணீர்; மேலே வானம்.

வடக்கே எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், தெற்கே எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை வானத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். வடக்கே போகப் போகத் துருவ நட்சத்திரம் உயரும். தெற்கே வந்தால் தாழும். அந்தக் காலத்து மாலுமிகளுக்கு இது தெரியும்.

கிழக்கு, மேற்குக் கணக்குதான் தகராறு. இதைத் தீர்க்கரேகைக் கணக்கு என்பார்கள். இதற்கு ஒரு வழி இருந்தது. அதுதான் நேரம்.

பூமி 24 மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. ஆகவே சூரியன் எல்லா ஊரிலும் ஒரே சமயத்தில் உச்சிக்கு வருவது இல்லை. சென்னையில் சூரியன் உச்சிக்கு வருகிறபோது, லண்டனில் உள்ள கிரீன்விச் என்ற இடத்தில் காலை 6 மணி 39 நிமிஷம்தான் ஆகி இருக்கும். இந்த 5 மணி 21 நிமிஷ வித்தியாசமே, சென்னை கிரீன்விச்சுக்குக் கிழக்கே எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடும்.

கப்பலுக்கும் அப்படித்தான். புறப்பட்ட ஊரின் நேரத்தைக் காட்டும் கடிகாரம் ஒன்று கையில் இருக்க வேண்டும். கப்பலில் சூரியன் உச்சிக்கு வருகிறபோது அதைப் பார்த்தால் போதும். இடம் தெரிந்துவிடும்.

"இவ்வளவுதானா? ஒரு கடிகாரம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்று தோன்றும். அப்படிப்பட்ட கடிகாரம் உலகத்தில் எங்குமே இல்லை!

அந்த நாளில் நல்ல கடிகாரம் என்றால் பெண்டுலம் ஆடும் கடிகாரம். கப்பல் ஆடினால் பெண்டுலம் தாறுமாறாக ஆடும், அல்லது நின்றுவிடும். வெயிலும் குளிரும் இன்னொரு தொல்லை. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுகிறவரைக் கேட்டால் சொல்வார்: சூடு பட்டால் இரும்பு நீளும், குளிர்ந்தால் சுருங்கும். பெண்டுலத்தின் கம்பி ஒரு மயிரிழை நீண்டாலும் கடிகாரம் மெதுவாகப் போகும். போதாக்குறைக்கு, உள்ளே போட்ட எண்ணெய் குளிரில் கெட்டியாகும்.

கடிகாரம் ஒரு நிமிஷம் தப்பினால் என்ன ஆகும்? பூமத்திய ரேகை அருகே கப்பல் 17 மைல் தப்பிவிடும். பாறையில் மோத அதில் பாதி போதும்.

20 ஆயிரம் பவுண்டு பரிசு

1714-ம் ஆண்டு இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. கடலில் தீர்க்கரேகையை அரை டிகிரிக்குள் சரியாகக் காட்டும் வழியைச் சொல்கிறவருக்கு 20 ஆயிரம் பவுண்டு பரிசு. அந்தக் காலத்தில் அது பெரிய ஜமீன்தாரின் சொத்துக்குச் சமம்.

அரை டிகிரி என்றால் 2 நிமிஷ நேரம். மேற்கு இந்தியத் தீவுகளுக்குப் போக 6 வாரம் ஆகும். அந்த 6 வாரத்திலும் சேர்த்துக் கடிகாரம் 2 நிமிஷத்துக்கு மேல் தப்பக் கூடாது. அதாவது, ஒரு நாளைக்கு 3 வினாடிகூடத் தப்பக் கூடாது!

பரிசு கொடுப்பதற்கு ஒரு குழு வைத்தார்கள். வான நூல் நிபுணர்கள், பேராசிரியர்கள், கடற்படைத் தளபதிகள், பாராளுமன்ற உறுப்பினர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள்.

பரிசுப் பணத்தைக் கேட்டதும் யோசனைகள் வந்து குவிந்தன. நடுக்கடலில் வரிசையாகக் கப்பல்களை நங்கூரம் போட்டு நிறுத்தி, குறிப்பிட்ட நேரத்தில் வெடி போடலாம் என்று இருவர் சட்டம் வருவதற்கு முன்பே சொல்லி இருந்தார்கள். அங்கே நங்கூரம் தரையைத் தொடாதே என்பதை அவர்கள் அவ்வளவாக எண்ணிப் பார்க்கவில்லை.

கடிகாரத்தால் முடியாதா என்று பெரிய விஞ்ஞானி நியூட்டனிடம் கேட்டார்கள். வழி சரிதான், ஆனால் கப்பலின் ஆட்டம், சூடு, குளிர், ஈரம் இவற்றை எல்லாம் தாங்கும் கடிகாரத்தை இதுவரை யாரும் செய்யவில்லை என்று அவர் கூறினார். வழி வானத்தில்தான் இருக்கிறது என்பது அறிஞர்களின் எண்ணம். நியூட்டனே அப்படி எண்ணும்போது மறுத்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்?

தச்சர் மகன்

ஜான் ஹாரிசன் 1693-ம் ஆண்டு மார்ச் மாதம் பிறந்தவன். தகப்பனார் தச்சர். மகனும் உளி பிடித்தான். குடும்பம் பாரோ என்ற கிராமத்தில் குடியேறியது. லண்டனுக்கு வெகு தூரத்தில் இருந்த ஊர் அது.

படிக்க ஆசை, புத்தகத்துக்கு வழி இல்லை. ஒரு பாதிரியார், கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் பாடக் குறிப்புகளை இரவல் கொடுத்தார். ஹாரிசன் அதை முழுவதும் தன் கையால் எழுதி எடுத்துக்கொண்டான். படங்களையும் வரைந்துகொண்டான். அந்தப் பாடங்களைச் சொன்ன பேராசிரியர் சாண்டர்சன், இரண்டு கண்ணும் தெரியாதவர். கண் தெரியாதவர் கற்பித்தார்; பள்ளிக்கூடம் இல்லாதவன் படித்தான்.

20 வயதில் ஹாரிசன் ஒரு கடிகாரம் செய்தான். தச்சன் அல்லவா? பல் சக்கரங்கள்கூட மரம்தான். அந்தக் கடிகாரம் இன்றும் இருக்கிறது.

பிறகு ஒரு பிரபு தன் மாளிகைக் கோபுரத்துக்குக் கடிகாரம் செய்யச் சொன்னார். சில மரங்களில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு என்பது தச்சருக்குத் தெரியும். அப்படிப்பட்ட மரம் ஒன்றைத் தேர்ந்து எடுத்து, தேயும் இடங்களில் எல்லாம் அதை வைத்தார் ஹாரிசன். கடிகாரத்துக்கு எண்ணெயே போட வேண்டியது இல்லை! 1722 வாக்கில் செய்த அந்தக் கடிகாரம் 300 ஆண்டைக் கண்டுவிட்டது. எண்ணெய் கெட்டியாவதைப் பற்றி அறிஞர்கள் கவலைப்பட்டுக்கொண்டு இருந்தார்கள். ஹாரிசன் எண்ணெயையே ஒழித்துவிட்டார்.

அடுத்தது சூடு, குளிர். பித்தளை அதிகம் நீளும். எஃகு குறைவாக நீளும். இரண்டு கம்பிகளையும் மாற்றி மாற்றிப் பொருத்தி, ஒன்று கீழே இழுத்தால் மற்றொன்று மேலே இழுக்கும்படி பெண்டுலம் செய்தார். வெயில் அடித்தாலும் பனி பெய்தாலும் அதன் நீளம் மாறவில்லை.

நட்சத்திரமும் புகைபோக்கியும்

செய்த கடிகாரம் சரியாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கிராமத்தில் அதைவிட நல்ல கடிகாரம் ஏது? ஹாரிசனும் அவர் தம்பி ஜேம்சும் வானத்தைப் பிடித்தார்கள்.

இரவில் ஜன்னல் ஓரம் நின்று ஒரு நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அது அடுத்த வீட்டுப் புகைபோக்கிக்குப் பின்னால் போய் மறைகிற வினாடியைக் குறித்துக்கொள்வார்கள். ஒரு நட்சத்திரம் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட 3 நிமிஷம் 56 வினாடி முன்னதாக மறையும். இது மாறாத கணக்கு. கடிகாரமும் அதே கணக்கைச் சொல்ல வேண்டும்.

இப்படி எத்தனையோ இரவுகள் கண் விழித்தார்கள். அவர்கள் செய்த கடிகாரம் மாதத்துக்கு ஒரு வினாடிதான் தப்பியது. லண்டனில் பேர் பெற்ற கடிகாரங்கள்கூட அவ்வளவு சுத்தமாகப் போகவில்லை.

இனிக் கடல்தான் பாக்கி.

1730 வாக்கில் ஹாரிசன் லண்டனுக்குப் போனார். அரசாங்க வான நூல் நிபுணர் ஹாலியைப் பார்த்தார். (ஹாலி வால் நட்சத்திரம் என்கிறோமே, அந்த ஹாலிதான்.) ஹாலி மரியாதையாகப் பேசினார். இதை எல்லாம் புரிந்துகொள்ளக் கூடியவர் கடிகாரக்காரர் ஜார்ஜ் கிரஹாம்தான் என்று சொல்லி, அவரிடம் அனுப்பினார்.

கிரஹாம் லண்டனிலேயே பெரிய கடிகாரக்காரர். ஹாரிசனோ கிராமத்து ஆள். தொழில் ரகசியத்தைத் திருடிக்கொள்வாரோ என்று ஹாரிசனுக்குப் பயம். பேச்சு காலை 10 மணிக்குத் தொடங்கியது. இரவு 8 மணிக்குத்தான் முடிந்தது! கடைசியில் கிரஹாம் தன் கைப் பணத்தை எடுத்துக் கடனாகக் கொடுத்தார். வட்டி கேட்கவில்லை.

கடலில் முதல் சோதனை

5 ஆண்டு பாடுபட்டு, 1735-ல் ஹாரிசன் முதல் கடல் கடிகாரத்தைச் செய்து முடித்தார். எடை 34 கிலோ! அதற்குப் பெண்டுலம் இல்லை. ஸ்பிரிங்கால் இணைத்த இரண்டு ஆடு கம்பிகள் இருந்தன. ஒன்று இந்தப் பக்கம் ஆடினால் மற்றொன்று அந்தப் பக்கம் ஆடும். கப்பல் எப்படி ஆடினாலும் ஒன்றை மற்றொன்று சரிக்கட்டிவிடும்.

மறு ஆண்டு அதைக் கப்பலில் ஏற்றி, போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகருக்கு அனுப்பினார்கள். ஹாரிசனும் கூடவே போனார். கடல் ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி எடுத்துக்கொண்டே கடிகாரத்தைக் காவல் காத்தார்.

திரும்பி வரும்போது இங்கிலாந்துக் கரை தெரிந்தது. ஸ்டார்ட் என்ற முனைக்கு வந்துவிட்டோம் என்று கப்பல் அதிகாரி கணக்குப் போட்டார். இல்லை, இது லிசர்டு முனை என்றார் ஹாரிசன். 60 மைல் வித்தியாசம்!

கிட்டப் போய்ப் பார்த்தார்கள். அது லிசர்டு முனையேதான். 60 மைல் தவறான இடத்தில் இருந்துகொண்டு, கரை ஓரமாகப் போயிருந்தால் என்ன ஆகி இருக்குமோ? அந்த அதிகாரி பெருந்தன்மையானவர். தன் தவறை ஒப்புக்கொண்டு கைப்பட ஒரு நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்.

1737-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி பரிசுக் குழு கூடியது. சட்டம் செய்து 23 ஆண்டு ஆன பிறகு, அந்தக் குழு கூடியது அதுதான் முதல் தடவை!

குழுவில் இருந்தவர்கள் ஹாரிசனைப் புகழ்ந்தார்கள். மேற்கு இந்தியத் தீவுகளுக்கு ஒரு பிரயாணம் அனுப்பிச் சோதியுங்கள் என்று அவர் கேட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். ஹாரிசன் என்ன செய்தார் தெரியுமா? கடிகாரத்தில் உள்ள குறைகளை அவரே எடுத்துச் சொன்னார்! இது போதாது, இன்னொன்று செய்கிறேன், அதற்கு 500 பவுண்டு கொடுத்தால் போதும் என்றார்.

இதை அசட்டுத்தனம் என்றுகூடச் சொல்லலாம். கைக்கு எட்டும் தூரத்தில் பரிசு இருக்கும்போது தன் சரக்கைத் தானே குறை சொல்லுகிற வியாபாரி உண்டா? ஆனால் ஹாரிசன் வியாபாரி அல்ல. வேலை சுத்தமாக இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

19 ஆண்டுகள்

இரண்டாவது கடிகாரம் 1739-ல் தயார் ஆனது. 39 கிலோ எடை. அதிலும் ஒரு குறை தெரிந்தது. அதைக் கடலுக்கே அனுப்பாமல் மூலையில் வைத்தார்.

மூன்றாவது கடிகாரத்தைத் தொடங்கினார். அது முடிய ஓர் ஆண்டு அல்ல, இரண்டு ஆண்டு அல்ல, 19 ஆண்டு ஆயிற்று! தொடங்கியபோது 47 வயது. முடிந்தபோது 66. அதில் 753 உறுப்புகள். ஒவ்வொன்றையும் அறுத்து, அராவி, பொருத்தி, பிரித்து, மறுபடியும் பொருத்தினார்.

வீட்டில் மனைவி இருந்தாள். மகன் வில்லியம் வளர்ந்து ஆளானான். தகப்பன் கடிகாரமே கதி என்று கிடந்தால் குடும்பம் என்ன பாடுபட்டிருக்கும்? குழு அவ்வப்போது 500 பவுண்டு கொடுத்தது. ஆனால் சோதனைக்குத் தயாரா என்று கேட்டால், இன்னும் இல்லை என்பதே ஹாரிசனின் பதில்.

அந்த 19 ஆண்டு வீண் போகவில்லை. பித்தளைத் தகட்டையும் எஃகுத் தகட்டையும் ஒன்றாகப் பிணைத்து, சூட்டுக்கு ஏற்ப வளையும் ஒரு பட்டையை இந்தக் கடிகாரத்துக்காகக் கண்டுபிடித்தார். பின்னால் வந்த மின்சார இஸ்திரிப் பெட்டிகளில் சூடு அதிகமானதும் தானாக மின்சாரத்தை நிறுத்தியது அந்த இரட்டைத் தகட்டு வித்தைதான்.

ஆனாலும் மூன்றாவது கடிகாரம் அவர் நினைத்த அளவுக்கு வரவில்லை.

இந்த இடத்தில்தான் ஹாரிசனின் மனசு திரும்பியது. 30 ஆண்டாகப் பெரிய கடிகாரம் செய்துகொண்டு இருந்தவர், வழியே தவறு என்று ஒப்புக்கொண்டார்! தன் சொந்த உபயோகத்துக்கு ஒரு சட்டைப்பைக் கடிகாரம் செய்யச் சொல்லி இருந்தார். அது எதிர்பார்த்ததைவிடச் சுத்தமாகப் போனது. சிறிய சக்கரம் வேகமாக ஆடினால், கப்பலின் ஆட்டம் அதை அசைக்க முடியாது என்பது அப்போது விளங்கியது.

1759-ல் நான்காவது கடிகாரம் பிறந்தது. 13 சென்டிமீட்டர் அகலம். எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. வினாடிக்கு 5 தடவை 'டிக்' என்றது. உள்ளே வைரமும் மாணிக்கமும் பதித்திருந்தது. அழகுக்காக அல்ல, தேயாமல் இருப்பதற்காக.

5 வினாடி!

1761-ம் ஆண்டு நவம்பர். ஹாரிசனுக்கு 68 வயது. கப்பல் ஏற உடம்பு இடம் கொடுக்கவில்லை. மகன் வில்லியம் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு ஜமைக்கா தீவுக்குப் புறப்பட்டான்.

வழியில் மதீரா தீவைத் தொட வேண்டும். கப்பலில் குடிக்க வைத்திருந்த பீர் கெட்டுப்போய் மாலுமிகள் முணுமுணுத்தார்கள். இன்னும் வெகு தூரம் என்று கப்பல் தலைவர் நினைத்தார். நாளைக் காலை தீவு தெரியும் என்றான் வில்லியம். மறுநாள் காலை தீவு தெரிந்தது!

ஜமைக்கா போய்ச் சேர்ந்து கணக்குப் பார்த்தார்கள். 81 நாள் பிரயாணம். கடிகாரம் தப்பியது 5 வினாடி!

சட்டம் அனுமதித்தது 2 நிமிஷம். பரிசு கிடைத்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். கிடைக்கவில்லை.

ஜமைக்காவின் தீர்க்கரேகையே நிச்சயமாகத் தெரியாது என்றது குழு. தற்செயலாகவும் சரியாக வந்திருக்கலாம், இன்னொரு தடவை போய் வாருங்கள் என்றது.

1764-ல் வில்லியம் மறுபடியும் கப்பல் ஏறினான். இந்தத் தடவை பார்படோஸ் தீவு. 47 நாளில் கடிகாரம் 39 வினாடி தப்பியது. கேட்டதைவிட மூன்று மடங்கு சுத்தம்.

இனி மறுக்க முடியாது. ஆகவே குழு புது நிபந்தனை போட்டது. 1765-ல் பாராளுமன்றம் அதையே சட்டமாக்கியது. கடிகாரத்தின் ரகசியத்தை முழுவதும் சொல்ல வேண்டும். அப்போது பாதிப் பணம் கிடைக்கும். மற்றவர்களும் அதைப் போலச் செய்ய முடியும் என்று நிரூபிக்க வேண்டும். அப்போது மீதிப் பணம். எல்லாக் கடிகாரங்களையும் அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

கிழவருக்குக் கோபம் வந்தது. கூட்டத்தில் இருந்து எழுந்து வெளியே போனார். பிறகு வேறு வழி இல்லாமல் திரும்பி வந்தார். கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு ஒவ்வொரு உறுப்பையும் விளக்கினார். பாதிப் பணம் வந்தது.

இருவர் பக்கமும் நியாயம்

அப்போது அரசாங்க வான நூல் நிபுணராக இருந்தவர் மாஸ்கலின். குழுவில் அவரும் ஒருவர். சந்திரனுக்கும் நட்சத்திரங்களுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து இடத்தைக் கண்டுபிடிக்கும் முறையை அவர் வளர்த்து வந்தார். ஹாரிசனுக்குப் போட்டியாளரே நீதிபதி!

ஹாரிசனின் கதையைச் சொல்கிறவர்கள் மாஸ்கலினைக் கொடியவராகவே காட்டுவார்கள். அது முழு உண்மை அல்ல. அவருடைய முறையும் பலித்தது. 1767-ம் ஆண்டுக்கு என்று அவர் வெளியிட்ட அட்டவணையை வைத்துக்கொண்டு பல கப்பல்கள் வழி கண்டன. கணக்குப் போட நேரம் ஆகும். வானம் தெளிவாக இருக்க வேண்டும். ஆனால் செலவு குறைவு. ஹாரிசன் கடிகாரமோ உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. ஒன்றை வைத்துக்கொண்டு நூறு கப்பலுக்கு என்ன செய்வது என்ற குழுவின் கேள்வி நியாயமானதே.

ஆனால் நடத்திய விதம் நியாயம் அல்ல. 1766-ம் ஆண்டு மே மாதம் மாஸ்கலின் ஹாரிசன் வீட்டுக்கு வந்து பெரிய கடிகாரங்களை எடுத்துப் போனார். கூட வந்த ஆட்கள் முதல் கடிகாரத்தைக் கீழே போட்டுவிட்டார்கள். மற்றவை கடகடக்கும் வண்டியில் லண்டன் தெருக்களில் போயின. ஒரு மனிதனின் 30 ஆண்டு அந்த வண்டியில் குலுங்கிப் போயிற்று.

சின்னக் கடிகாரத்தையும் மாஸ்கலின் 10 மாதம் சோதித்தார். நம்பத் தக்கது அல்ல என்று அறிக்கை கொடுத்தார். ஹாரிசன் இன்னும் இரண்டு கடிகாரம் செய்து காட்ட வேண்டும் என்றது குழு. பார்த்துச் செய்வதற்கு மூலக் கடிகாரம் அவர் கையில் இல்லை!

70 வயது தாண்டிய கிழவர், கண் மங்கிய நிலையில், மறுபடியும் அரத்தை எடுத்தார். ஐந்தாவது கடிகாரத்தைச் செய்து முடித்தார்.

மன்னரின் சோதனை

1772-ம் ஆண்டு ஜனவரியில் வில்லியம் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு ஒரு கடிதம் எழுதினான். வானத்தைப் பார்ப்பதில் மன்னருக்கு ஆசை உண்டு. ரிச்மாண்டில் தனக்கு என்று ஒரு வான் ஆராய்ச்சிக்கூடம் வைத்திருந்தார். ஐந்தாவது கடிகாரத்தை அங்கே கொண்டு வரச் சொன்னார்.

முதல் சில நாள் கடிகாரம் தாறுமாறாகப் போனது. ஹாரிசன் குடும்பத்துக்கு வயிறு கலங்கியது. காரணம் என்ன என்று பார்த்தால், பக்கத்து அலமாரியில் காந்தக் கல் இருந்தது! அதை அப்புறப்படுத்தியதும் கடிகாரம் ஒழுங்குக்கு வந்தது. 10 வாரச் சோதனையில் நாள் ஒன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு வினாடிதான் தப்பியது.

மன்னர் ஹாரிசன் பக்கம் நின்றார். விஷயம் பாராளுமன்றத்துக்குப் போனது. 1773-ல் பாராளுமன்றம் 8,750 பவுண்டு கொடுத்தது. அப்போது ஹாரிசனுக்கு 80 வயது. அதைக் கொடுத்தது பாராளுமன்றம்; பரிசுக் குழு அல்ல. 20 ஆயிரம் பவுண்டு பரிசு இன்னாருக்கு என்று அந்தக் குழு கடைசி வரை யாருக்கும் அறிவிக்கவே இல்லை.

இதற்கு இடையில் கெண்டல் என்ற கடிகாரக்காரர் நான்காவது கடிகாரத்தைப் பார்த்து அப்படியே ஒன்று செய்திருந்தார். கூலி 450 பவுண்டு. அதை எடுத்துக்கொண்டு கேப்டன் குக் 1772-ல் தென்கடலுக்குப் புறப்பட்டார். பனிக்கட்டி மிதக்கும் கடல், வெயில் கொளுத்தும் தீவு எல்லாவற்றிலும் அந்தக் கடிகாரம் 3 ஆண்டு ஓடியது. 1775-ல் திரும்பிய குக், அதைத் தன் நம்பிக்கையான வழிகாட்டி என்று பாராட்டினார். அந்தப் பாராட்டு வந்தபோது ஹாரிசன் உயிரோடு இருந்தார்.

கடைசிப் புத்தகம்

அதே 1775-ல் ஹாரிசன் ஒரு புத்தகம் வெளியிட்டார். உளியும் அரமும் வசப்பட்ட அளவுக்கு எழுத்து அவருக்கு வசப்படவில்லை. ஒரு வாக்கியம் தொடங்கினால் பக்கம் பக்கமாகப் போகும், முற்றுப்புள்ளி வராது. அதிலே, தன் முறைப்படி பெண்டுலக் கடிகாரம் செய்தால் 100 நாளில் ஒரு வினாடிக்கு மேல் தப்பாது என்று எழுதி இருந்தார்.

படித்தவர்கள் சிரித்தார்கள். கிழவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்ற பொருள்பட அன்றைய பத்திரிகை ஒன்று எழுதியது. மறு ஆண்டு, 1776 மார்ச் 24-ந் தேதி ஹாரிசன் காலமானார். அவருடைய 83-வது பிறந்த நாளும் அதுதான்.

அவர் செய்த கடிகாரங்கள் கிரீன்விச்சில் தூசி படிந்து, பச்சை பிடித்துக் கிடந்தன. 1920-ல் கௌல்டு என்ற கடற்படை அதிகாரி அவற்றைப் பார்த்தார். கூலி வாங்காமல் தன் கையாலேயே சுத்தம் செய்யத் தொடங்கினார். எல்லாவற்றையும் ஓட வைக்க அவருக்கு 13 ஆண்டு ஆயிற்று. கிரீன்விச் போகிறவர்கள் அந்தக் கடிகாரங்களை இன்றும் பார்க்கலாம்.

பிறகு அந்தக் கடைசிப் புத்தகத்தையும் சிலர் எடுத்துப் படித்தார்கள். அதில் சொன்னபடியே ஒரு பெண்டுலக் கடிகாரம் செய்தார்கள். 2015-ம் ஆண்டு அதைக் கிரீன்விச் வான் ஆராய்ச்சிக்கூடத்தில் ஓட விட்டு, யாரும் தொடாதபடி பெட்டிக்கு முத்திரை வைத்துப் பூட்டினார்கள். 100 நாள் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள்.

கடிகாரம் தப்பியது, ஒரு வினாடியில் எட்டில் ஐந்து பங்கு.